கைப்பிடியைச் சுற்றும் முன் ஒரு சொல்

பிள்ளைகளே,

போன வெள்ளிக்கிழமை காலையில் நம் வாசலில் ராஜு காரை ஓடவிட்டுக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கோமதி படியில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கட்டினாள், பிடிக்கவில்லை, அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

“ஏறு பிள்ள, நேரமாச்சு லா! ஏ ரிடார்ட்!” என்று ராஜு கத்தினான்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். என் இடது கை காற்றில் எதையோ மேலே தள்ளியது. கால் பெடலைத் தேடியது. அடுப்படியிலிருந்து உங்கள் அம்மாவும் ஈரக்கையோடு வெளியே வந்துவிட்டாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து ராஜு பயந்துபோனான். “என்னாப்பா? சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்” என்றான்.

சாயங்காலம் அவனே விளக்கினான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிப்பு மெதுவாக வருகிற பிள்ளையை அப்படிச் சொல்லிக் கேலி செய்வார்களாம். தடியான அகராதியைத் திறந்தும் காட்டினான். தாமதப்படுத்துதல், மட்டுப்படுத்துதல் என்று அதில் போட்டிருந்தது. கேலிக்குரிய அர்த்தம் அதில் இல்லை, பையன்கள் வாயில்தான் இருக்கிறது.

எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரி பழக்கம். அதைச் சொல்லிக் காட்டலாம் என்று மூன்று நாளாக முயன்றேன். உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு உட்கார்ந்து கதை சொல்ல வராது. பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன், அப்படியே ராஜுவின் கார் மூடியைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிடுவேன். “நீங்க சொல்லி முடிக்க மாட்டீங்க, எழுதிருங்க” என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். இதற்குள்ளேயே இரண்டு தடவை எழுந்துபோய் வந்துவிட்டேன்.

நான் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு மாட்டுவண்டி, அப்புறம் ஈப்போ டவுனில் மோட்டார் கழுவுகிற வேலை, அப்புறம் லைசென்ஸ். அதை நீட்ட ஒன்றும் இல்லை. மாடு மெதுவாகப் போகிறதே என்று மோட்டாருக்கு வந்தவன் நான். அவ்வளவுதான் அதிலே சொல்ல இருப்பது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஓடுகிற சிறு பஸ் ஒன்றில் டிரைவராகச் சேர்ந்தேன். ஏழெட்டுப் பேர் உட்காரலாம், பத்துப் பதினைந்து பேர் ஏறுவார்கள். ரோட்டில் ரீங்காரம் போட்டுக்கொண்டு இடுக்கில் எல்லாம் புகுந்து ஓடுவதால் அந்தச் சின்ன வண்டிகளுக்குக் கொசு பஸ் என்று பெயர். முதலாளி இபுராகிம் ராவுத்தர். ராமநாதபுரம் பக்கத்தில் தகப்பன் வைத்துவிட்டுப் போன நிலத்தை விற்று வாங்கிய வண்டி அது. அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போய் இரண்டு தடவை வாய்க்காலில் இறக்கிய பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டார். ஆனால் வண்டியைக் கிளப்புகிற வேலையை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்.

இப்போது ராஜு ஒரு குமிழை அழுத்துகிறான், கார் கிளம்புகிறது. அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால் ஒரு கைப்பிடி இருக்கும். ஒருவர் முன்னால் நின்று அதைப் பிடித்து மேலே இழுத்துச் சுற்ற வேண்டும். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கும். இந்தக் கதையே அந்த லீவரைப் பற்றியதுதான்.

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நிற்கும். அதில் ஒரு பொறி விழுந்தால் வெடிக்கும். அந்த வெடிதான் வண்டியைத் தள்ளுகிறது. பொறி எப்போது விழ வேண்டும் என்பதுதான் சங்கதி. வண்டி வேகமாக ஓடும்போது அது கொஞ்சம் முந்தி விழ வேண்டும். நிற்கிற வண்டியைக் கையால் கிளப்பும்போது பிந்தி விழ வேண்டும். லீவரைக் கீழே இழுத்தால் பொறி முந்தும், அது அட்வான்ஸ். மேலே தள்ளினால் பிந்தும், அது ரிடார்ட். ரிடார்ட்டில் வைக்காமல் கைப்பிடியைச் சுற்றினால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். குதிரை உதைக்கிற மாதிரிதான். கைப்பிடி பின்னால் திரும்பி வந்து பிடித்தவர் மணிக்கட்டை ஒடித்துவிடும்.

ராவுத்தரின் தம்பி ஷேக் ஈப்போவில் ரொட்டிக் கடையில் மாவு வீசிக்கொண்டிருந்தவர். எனக்கு முன்னால் இருந்த டிரைவர் லீவரைப் பார்க்காமலே “ம்” என்று சொல்ல, ஷேக் சுற்றியிருக்கிறார். எலும்பு கோணலாக ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் மாவில் கை வைக்கவில்லை. ஒரு கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ராவுத்தர் ஒரு முறை வைத்துக்கொண்டார். அதை முதல் நாள் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ரேடியேட்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கைலியைத் தூக்கிக் கட்டுவார். இடது கைச் சட்டையைச் சுருட்டுவார், இடது கையால்தான் இழுக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் சேர்த்து வைத்துக் கைப்பிடியைப் பிடிப்பார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்பார்.

“தம்பி, ரிடார்ட்?”

“ரிடார்ட், மொதலாளி.”

“பாத்துச் சொல்றியா, பாக்காமச் சொல்றியா?”

“பாத்துத்தான் சொல்றேன் மொதலாளி.”

“பிஸ்மில்லா” என்று ஒரே இழுப்பு.

இதற்குள் பக்கத்தில் நின்ற மற்ற கொசு பஸ்கள் எங்கள் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் மனசுக்குள் வண்டியை வழியிலுள்ள சிம்மோர் ஊரைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். தொடை ஆடும், விரல் ஸ்டியரிங்கைத் தட்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “மொதலாளி, மோதிரத்த வீட்டுலயே வச்சிட்டு வந்தா என்னா?” என்று கேட்டேன்.

“அவசரம் உனக்கா, என் கைக்கா?” என்று திருப்பிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் ஈப்போ சந்தைக்கு வருவார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி பதில் பெரிய வேடிக்கை. முனியாண்டி என்று ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற ஆள் ஒருவன், வாய்த்துடுக்கு. “என்னா ராவுத்தரே, உங்க நிக்காஹ் மாரி இல்ல இருக்கு! சம்மதமா, சம்மதமான்னு எத்தன வாட்டி கேப்பீங்க?” என்பான். ராவுத்தரும் சிரித்துக்கொண்டே, “ஒனக்கு ஒருநா பொண்ணு சம்மதம் சொல்லட்டும், அப்பத் தெரியும் கேக்குறவன் கஷ்டம்” என்பார். போகப் போக ஆட்களே சேர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ராவுத்தர் “ரிடார்ட்?” என்று கேட்டதும் வண்டி முழுக்க “ரிடார்ட்!” என்று கத்தும். கோயில் தேர் இழுக்கிற மாதிரி சத்தம் வரும். குழந்தைகள் கூடக் கத்தும். ராவுத்தர் முகம் சுளிப்பார், ஆனால் தடுக்கவில்லை. நானும் ஒரு வாய் கூடக் கத்துவேன், சீக்கிரம் கிளம்பட்டும் என்று.

அந்தச் சத்தத்தில் சேராத ஒரே ஆள் முன் பெஞ்சில் உட்கார்ந்து வருகிற ஒரு பெண். பேர் அஞ்சலை என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் அம்மாதான். இதை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்ல எனக்குத் தெரியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அப்போது அவளும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏறினால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருவாளே தவிரப் பேச மாட்டாள். ஒரு ஞாயிறு திடீரென்று கேட்டாள்.

“டிரைவரே, அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்? எங்க தோட்டத்துப் பால் ஸ்டோர்லயும் அதச் சொல்றாங்க.”

“ஸ்டோர்லயா? அங்க ஏது லீவரு?”

“லீவரு இல்ல. மலமேலேருந்து பாலு வரும்போது வழியிலயே உறஞ்சி போயிருதுன்னு, கணக்கு எழுதுற கிராணி வாளியில ஒரு மருந்து ஊத்துவாரு. ரிடார்ட் பண்றோம்னு சொல்லுவாரு.”

எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தைச் சொன்னேன். “மெதுவாக்குறதுன்னு அர்த்தம்.”

நான் இரண்டு வளைவு தாண்டின பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். “மெதுவா இல்ல,” என்றாள். “பாலு உறையத்தான் போவுது. ஆனா இப்ப இல்ல. ஸ்டோருக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் உறையட்டும்னு சொல்றது.”

நான் அதற்குள் முன்னால் போன ஒரு வண்டியை முந்தப் போய்விட்டேன்.

இனி அந்த மழை நாள்.

அன்று ஈப்போவில் சந்தை முடியும்போதே வானம் கறுத்துவிட்டது. கருவாடு, துணி, ஒரு சேவல் என்று சாமான்களோடு ஆட்கள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். சுங்கை சிப்புட் தாண்டித் தோட்டத்து மண்ரோட்டில் திரும்பும்போது மழை விட்டிருந்தது. ஆனால் மலையில் பெய்த தண்ணீர் ஆற்றில் வந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்கு முன்னால் ஒரு பலகைப் பாலம். காலையில் பாலத்துக்குக் கீழே நன்றாக இறங்கி ஓடிய தண்ணீர், இப்போது பலகையைத் தொட்டுக்கொண்டு தேத்தண்ணி நிறத்தில் ஓடியது.

“போலாமா தம்பி?” என்றார் ராவுத்தர்.

“இப்பப் போனாப் போலாம் மொதலாளி. நின்னு பாத்துக்கிட்டிருந்தாப் போவ முடியாது.”

அது சரியான பேச்சுத்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பாலத்தில் முக்கால்வாசி தாண்டிவிட்டோம். பலகை ஒன்று உள்ளே அமுங்க, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இன்ஜின் இருமியது. இன்னொரு தரம் இருமி நின்றுவிட்டது.

லீவரைத் தொட்டேன். கனமே இல்லாமல் மேலும் கீழும் ஆடியது. லீவரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற கம்பி கழன்று விழுந்து, ஆற்றோடு போய்விட்டது.

“மொதலாளி, லீவர் செத்துப் போச்சு.”

ராவுத்தர் இறங்கினார். பெண்களும் குழந்தைகளும் இறங்கி, அதற்குள் பலகைக்கு மேல் ஏறிவிட்ட கணுக்கால் தண்ணீரில் நடந்து எதிர்க்கரை ஏறினார்கள். ஆண்கள் வண்டியைத் தள்ளினார்கள். பாலம் முடிந்ததும் செம்மண் ஏற்றம், முழுக்கச் சேறு. கொஞ்சம் ஏறும், வழுக்கி மறுபடியும் பலகைக்கே வரும். ஹேண்ட் பிரேக்கையும் பெடலையும் நான் பிடிக்காவிட்டால் நேராக ஆற்றுக்குள். மேலிருந்து மரக்கட்டைகள் மிதந்து வந்து பாலத்துக் காலில் மோதின. ஒவ்வொரு மோதலுக்கும் என் இருக்கைக்குக் கீழே பாலம் முனகியது. பாலம் போனால் வண்டி போச்சு. வண்டி போனால் ராவுத்தருக்கு ஊரிலும் ஒன்றும் இல்லை, இங்கேயும் ஒன்றும் இல்லை.

ராவுத்தர் இன்ஜின் மூடியைத் தூக்கினார். முன்பக்கம், விசிறிக்குப் பின்னால் கீழே, டைமர் என்று ஒரு வட்ட டப்பா உண்டு. லீவரின் கம்பி அதைத்தான் அப்படியும் இப்படியும் திருப்பும். கம்பி இல்லாமல் அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பொறி எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ராவுத்தர் கைக்குட்டையால் அதை இழுத்துக் கட்டிப் பார்த்தார். எண்ணெயிலும் ஈரத்திலும் முடிச்சு வழுக்கியது. மறுபடி கட்டினார், மறுபடி வழுக்கியது.

அவர் நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தார். அப்புறம் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

“வேணாம் மொதலாளி! ஷேக்கு பாய் கையப் பாத்துமா?”

“ஒரு கை போனா இன்னொரு கையால சோறு திம்பேன் தம்பி. வண்டி போனா எதால திம்பேன்?”

“யாராவது டப்பாவப் பிடிச்சுக்கட்டும்! ரிடார்ட்ல திருப்பி அப்படியே பிடிச்சுக்கிட்டாப் போதும்!”

நான் இறங்கிப் பிடித்திருப்பேன். அப்படிப் பிடித்தால் பிரேக்குக்கு ஆள் இல்லை. இருக்கையில் உட்கார்ந்துகொண்டு கத்துவதைத் தவிர எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் இருந்ததில்லை.

ஒரு தடித்த ஆள் கையை விட்டுப் பார்த்தார், உள்ளே போகவில்லை. முனியாண்டி கையை விட்டான். போயிற்று. ஆனால் இன்ஜின் ஓடியதும் பக்கத்திலேயே சுழலப் போகிற விசிறித் தகட்டைப் பார்த்தான், உருவிக்கொண்டான்.

“என்ன மன்னிச்சிருங்க ராவுத்தரே. பால்மரம் வெட்ட எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

“எனக்கும்தான் வேணும். தள்ளுங்கண்ணே” என்று ஒரு குரல் கேட்டது.

கரை ஏறிப் போன முன் பெஞ்சுப் பெண் திரும்பி வந்திருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். மெலிந்த கை, பழகின கை. மரத்துப் பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எவ்வளவு போனால் மரம் சாகும் என்று தினமும் பார்த்த கை.

“எந்தப் பக்கம் ராவுத்தரே?”

“ஒம் பக்கமாத் திருப்பு தாயி. இன்னும். அதுதான் ரிடார்ட். உதைக்கிற மாதிரி தெரிஞ்சாலும் விட்றாத.”

“விட மாட்டேன்.”

ராவுத்தர் முன்னால் போனார். சட்டைக் கையைச் சுருட்டினார். கட்டைவிரலைச் சேர்த்து வைத்துக் கைப்பிடியைப் பிடித்தார். வழக்கம் போலத் தலையைத் தூக்கினார்.

“ரிடார்ட்?”

“ரிடார்ட்!” என்று எதிர்க்கரை முழுக்கக் கத்தியது.

ஞாயிறு தவறாமல் கத்திய வாய்கள். கேள்வியைக் கேட்டதும் பதில் தானாக வந்துவிட்டது. யாரும் கெடுதல் நினைக்கவில்லை. ராவுத்தரின் காதுக்கும் அது பழகின பதில். அவர் தோள் ஏறிவிட்டது.

“இருங்க!” என்று அவள் அலறினாள். “வழுக்கிருச்சு! இன்னும் நான் சொல்லல!”

ராவுத்தர் கைப்பிடியைத் தீயைத் தொட்டவர் மாதிரி விட்டார். அவர் முகத்தை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஷேக் நினைவு வந்திருக்க வேண்டும். நான் கரையைப் பார்த்து, “வாய மூடுங்க எல்லாரும்!” என்று கத்தினேன். கரையில் சேவல் கூடச் சத்தம் போடவில்லை. ஆறு மட்டும் இரைந்தது.

“தாயி, ஒம் பேரென்ன?” என்றார் ராவுத்தர்.

“அஞ்சலை.”

“அஞ்சலை. நீ ஒருத்தி சொன்னாத்தான் இழுப்பேன். வேற ஆரு சொன்னாலும் காதுல வாங்க மாட்டேன். கேக்கட்டா?”

“இருங்க.”

ஒரு கட்டை வந்து மோதியது. பாலம் ஒரு பக்கம் சாய்ந்தது போல இருந்தது. சொல்லு, சொல்லு, சொல்லித் தொலை என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. முந்தானையை இன்னொரு கையால் இழுத்து டப்பாவைத் துடைத்தாள். மறுபடி பிடித்தாள். பிடித்துவிட்டு, பிடி நிற்கிறதா என்று அசைத்துப் பார்த்தாள்.

“இப்பக் கேளுங்க.”

“அஞ்சலை, ரிடார்ட்?”

“ரிடார்ட்.”

“பிஸ்மில்லா.”

இன்ஜின் பிடித்தது. கைப்பிடி உதைக்கவில்லை. ராவுத்தர் ஒரு பக்கமாகத் தாவி விலகினார்.

கதை அத்தோடு முடியவில்லை. அவள் கையை எடுத்தால் டப்பா ஆடும், ஆடினால் இன்ஜின் நின்றுவிடும். அதனால் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு முன் சக்கரத்து மட்கார்டில் ஏறி, இன்ஜின் மேல் கவிழ்ந்தாள். விசிறி அவள் வளையலுக்குப் பக்கத்தில் சுற்றியது. வண்டி ஏற்றத்தில் ஏற வேண்டும். ரிடார்ட்டிலேயே வைத்திருந்தால் வண்டிக்கு ஏறுகிற பலம் வராது. பொறியைக் கொஞ்சம் கொஞ்சமாக முந்தவிட வேண்டும். அது என் கை லீவரில் செய்கிற வேலை. இப்போது லீவர் அவள்தான்.

“முன்னால திருப்பு! இன்னும்! இன்னும் திருப்பு!” என்று நான் கத்தினேன்.

“இருங்க டிரைவரே!”

“ஏறல, திருப்பு!”

“சத்தம் மாறட்டும், இருங்க!”

அவள் சொன்னது சரி. இன்ஜினின் சத்தம் கனத்திலிருந்து தெளிவாக மாறியபோது அவள் கொஞ்சம் திருப்பினாள். சக்கரம் சேற்றைப் பிடித்தது. பின்னால் ஆண்கள் தோள் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். வண்டி உறுமிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி, கெட்டி மண்ணில் நின்றது. நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன். என் இடது கை அந்த உயிரில்லாத லீவரை அதுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, அப்போதுதான் தெரிந்தது.

இறங்கும்போது விசிறியின் பெல்ட் பட்டு அவள் விரல் முட்டி கிழிந்திருந்தது. அம்மாவின் வலது கையில் நீங்கள் தடவிப் பார்க்கிற அந்தத் தழும்பு அதுதான். டப்பாவைக் கட்ட உதவாத கைக்குட்டையால் ராவுத்தர் அவள் விரலைக் கட்டினார். முனியாண்டி ஓடிப்போய், பால்மரத்தில் கோப்பை கட்டுகிற கம்பி ஒன்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அதைக் கொண்டு டைமரை இழுத்துக் கட்டித்தான் ஈப்போவுக்குத் தோட்டங்களைச் சுற்றிப் போகிற வேறு வழியாகத் திரும்பினோம்.

பாலம் போயிற்றா என்று கேட்பீர்கள். போகவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்து அப்படியே நின்றது. “அப்பக் கொஞ்சம் பொறுத்திருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும்” என்று முனியாண்டி பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் வண்டியா அது?

அடுத்த ஞாயிறு ராவுத்தர் வண்டிக்குள் ஏறி நின்று சொன்னார்: “இனிமே ஆரும் கத்தக் கூடாது. கை வச்சவன் ஒருத்தன்தான் பதில் சொல்லணும். மத்தவுக வெத்தல போட்டுக்கிட்டு இருங்க.” ஆட்களுக்கு வருத்தம்தான். வண்டி வெறிச்சென்று ஆகிவிட்டது என்றார்கள்.

நான் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ராவுத்தரிடம்தான் சொன்னேன். எனக்கு இங்கே வேறு பெரியவர்கள் இல்லை. அவர் தலையில் தொப்பியைச் சரி செய்துகொண்டு தோட்டத்து லயத்தில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார முடியவில்லை, இறங்கினேன், சக்கரத்தை உதைத்துப் பார்த்தேன், மறுபடி ஏறினேன். ராவுத்தர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“என்னா சொன்னாங்க மொதலாளி?”

“அப்பன் சரிங்கிறாரு. பொண்ணு ரிடார்ட்னு சொல்லுது.”

“வேணாங்குதா?”

“வேணாம்னா சொன்னேன்? இப்ப இல்லைங்குது. வண்டிய எடு.”

அவள் மனசு கனிந்து வருகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் ஓட்டின ஓட்டத்துக்கு வண்டி எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை. ஒருநாள் ஈப்போவில் இறங்கும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல், “ராவுத்தரை இப்பக் கேக்கச் சொல்லுங்க” என்றாள்.

பிறகு நான் பெரிய பஸ், லாரி என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். கைப்பிடி போயிற்று, லீவரும் போயிற்று. இப்போது பொறி தானே முந்துகிறது, தானே பிந்துகிறது. நல்லதுதான். யாருக்கும் மணிக்கட்டு ஒடிவதில்லை. ஆனால் கிளப்புகிறவன் இன்னொருவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கிளப்புகிற வழக்கமும் கூடவே போய்விட்டது.

ராஜு, உன் பள்ளிக்கூடத்து அர்த்தம் எனக்கு வேண்டாம். வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொண்டு சொல். அது திட்டுகிற சொல் இல்லை, கேட்கிற சொல்.

இதுவரை எழுதினதை நேற்று ராத்திரியே ராஜு வாங்கிப் படித்துவிட்டான். இன்று திங்கட்கிழமை. காலையில் ராஜு காரில் உட்கார்ந்திருந்தான். கோமதி படியில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கட்டினாள், அவிழ்த்தாள். ராஜுவின் கை ஹாரனுக்குப் போனது. என் கையும் துடித்தது, உண்மையைச் சொல்கிறேன். அடுப்படி வாசலில் நின்று உங்கள் அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள்.

ராஜு ஹாரனிலிருந்து கையை எடுத்தான். ஜன்னலில் தலையை நீட்டி மெதுவாகக் கேட்டான்.

“கோமதி, ரிடார்ட்?”

அவள் நிமிரவில்லை. “இருண்ணே” என்றாள்.

நாங்கள் இருந்தோம்.